ரைபிள் குழாயைக் கழுவப்போய் லொறியை மறித்த கதை

மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவைத்து, தொண்டையைப் பிடித்து உலுக்குகிற திரவம்தான் துப்பாக்கிக் குழாயை ஒழுங்காகச் சுத்தம் செய்யும் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். யாரும் சொல்லித்தந்ததல்ல. சொந்த மூளையை வருத்திக் கண்டுபிடித்தது. மணம் குறைந்த கரைப்பானைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், "என்னாங்க, பச்சத்தண்ணியப் போத்தல்ல அடைச்சு விக்கிறீங்களா?" என்று கேலி செய்துவிட்டு, இருப்பதிலேயே நாற்றமானதைத் தேடி எடுத்துக்கொண்டு வருவேன்.

தோட்டப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, துப்பாக்கி அறைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டு, அது கிலுகிலுக்க வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் கூடுதலாக ஆட்டி நடக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் ஆட்டி நடந்தேன். இப்போது முழங்கால் தானாகவே ஆடுகிறது. அதனால் வயது போகுமுன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துப்பாக்கிக் கதை என்றதும் கொள்ளைக்காரனையும் காட்டுப்பன்றியையும் எதிர்பார்த்து முன்னால் நகர்ந்து உட்காராதீர்கள். என் காலத்தில் எங்கள் ரைபிள் வெடித்ததெல்லாம் வருடாந்தப் பயிற்சித் திடலில்தான். அங்கே இருந்த அட்டைப் பலகையைத் தவிர யாரையும் அது காயப்படுத்தியதில்லை. நான் சுட்ட நாட்களில் அட்டைப் பலகைக்கும் பெரிதாகக் காயமில்லை.

எங்கள் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். தோட்டத்திலேயே உறுதியான சுவரும் இரும்புக் கதவும் ஸ்டோரில்தான் இருந்தன என்பதால், துப்பாக்கிகளை வைக்க அங்கேயே ஓர் அறையை ஒதுக்கியிருந்தார்கள். பாதுகாப்புக்கு மிகவும் நல்ல இடம். ஒரே ஒரு குறை, ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் பெக்கிங் ரூம். தயாரான தேயிலையை மூட்டைகளில் நிரப்புகிற இடம் அது.

தேயிலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் எது மணத்தாலும் அதை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் பெக்கிங் ரூமுக்குள் வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்தவர்கூட யோசித்துத்தான் நுழைவார். எங்கள் டீமேக்கர், அதாவது ஸ்டோரின் பொறுப்பாளர், இந்த விஷயத்தில் ஒரு மோப்ப நாய், மரியாதையாகத்தான் சொல்கிறேன். புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர் சென்ட் அடித்துக்கொண்டு வந்தபோது, "நல்ல வாசம் சார், கல்யாண வீட்டுக்குப் போற வழியில இங்க வந்துட்டீங்களா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பியவர். என்னோடு வேலை செய்த செல்வராணி, தலையில் பூ வைத்திருந்தால் அதை வெளியே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

இவ்வளவும் தெரிந்த ஒருவன், அந்தச் சுவருக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு, கடையிலேயே அதிக நாற்றமுள்ள கரைப்பானைத் திறப்பானா? திறந்தேன்.

மறுநாள் பொலிஸிலிருந்து உரிமப் பரிசோதனைக்கு வருவதாக இருந்தது. வருகிறவர் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே கரி தெரிந்தால் என் மானம் போகும். அன்றைக்குப் பகல் நல்ல மழை, நல்ல குளிர், வெளியே பத்தடிக்கு அப்பால் பனிமூட்டம். ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்: தோட்டாக்கள் வேறு அலுமாரியில் பூட்டியிருக்கின்றனவா என்று பார்த்து, ரைபிளின் போல்ட்டைக் கழற்றி, தோட்டா ஏறும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தேன். அதற்காக என்னை மெச்சுங்கள். இனி மெச்சுவதற்கு நெடுநேரம் ஒன்றும் வராது.

ரைபிள் குழாயில் தங்குகிற அழுக்கு ஒரே மாதிரியானதல்ல. வெடிமருந்தின் கரி ஒன்று, தோட்டாவின் மேலுறையிலிருந்து ஒட்டுகிற செம்பு இன்னொன்று. கரிக்குச் சாதாரணக் கரைப்பானே போதும். செம்புக்குத்தான் அமோனியா கலந்தது வேண்டும். அதையும் போத்தலில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் உள்ளே ஊறவிடக் கூடாது. விட்டால் செம்போடு நிற்காமல் குழாயின் இரும்பையும் பதம்பார்க்கும். நான் கரிக்கும் செம்புக்கும் பஞ்சாயத்து வைக்காமல் நேராக அமோனியாவையே ஊற்றினேன். கையுறை மேசை லாச்சியில் இருந்தது. கையுறை டொக்டர்மாருக்கு உரியது என்பது என் அடுத்த கண்டுபிடிப்பு.

துணித் துண்டைக் கோலில் மாட்டிக் குழாய்க்குள் தள்ளினால் அது நீலமாக வெளியே வந்தது. நீலம் என்றால் செம்பு. இன்னொரு துண்டு, இன்னும் நீலம். இன்னும் ஊற்று, இன்னும் தள்ளு. நீலம் குறையவே இல்லை. ரைபிளுக்குள் செம்புச் சுரங்கமே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோலின் முனை பித்தளை என்பதும், பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான் என்பதும், நான் இவ்வளவு நேரமும் கரைத்துக்கொண்டிருந்தது அந்த முனையைத்தான் என்பதும் பல மாதம் கழித்துப் போத்தலின் பின்பக்கத்தை வாசித்தபோதுதான் தெரிந்தது. ஆகவே முனை நைலோனாக இருக்கட்டும். போத்தலின் பின்பக்கத்தை மூடியைத் திறக்குமுன் வாசியுங்கள்.

போத்தல் முக்கால்வாசி தீர்ந்தபோது செல்வராணி கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே! என்னா இது? உள்ள யாரும் செத்துட்டாங்களா?"

"ரைபிள் கழுவுறேன் தங்கச்சி. கதவச் சாத்து, குளிருது."

"சாத்தவா? கண்ணு எரியுது. மொதல்ல ஜன்னலத் தொறங்க." அவளே வந்து திறந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அண்ணே, அந்தப் பக்கம் மூட்ட ஏத்துறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கிழமை, ஏழு நாளும், மழை. அந்த மழையில் நனைந்து பெண்கள் பறித்த கொழுந்துதான் சுவருக்கு அப்பால் தேயிலையாகி மூட்டையில் இருந்தது. கொழும்புக்குப் போக லொறி வந்து நின்றது.

"எங்க அம்மா பறிச்ச கொழுந்தும் அதுலதான் இருக்கு" என்றாள் செல்வராணி. குரலில் கேலி இல்லை.

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவள் கதவை மறித்தாள்.

"எங்க ஓடுறீங்க? பேரலுக்குள்ள அது ஊறிக்கிட்டே கெடக்கு. தொடச்சுட்டுப் போங்க."

"பேரல் கெடக்கட்டும்! தேயில போச்சு!"

"தேயில போயிருந்தா போயிருச்சு. பேரலும் போகணுமா? லொறி இன்னும் ஏத்தி முடிக்கல."

பதற்றத்தில் இருக்கிறவனுக்கு எரிச்சலூட்டுவது அடுத்தவரின் நிதானம்தான். முணுமுணுத்துக்கொண்டே உலர்ந்த துணிகளைத் தள்ளித் தள்ளிக் குழாயைத் துடைத்து, எண்ணெய் பூசி, போத்தலை மூடி, அழுக்குத் துணிகளை மூடியுள்ள தகரத்துக்குள் போட்டேன். அவள் சொல்லாவிட்டால் அந்தத் துணிகளைக் கையோடு தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கமாக ஓடியிருப்பேன். இலை காயவைக்கும் அடுப்பு அந்தப் பக்கம் கனன்றுகொண்டிருந்தது. கரைப்பானின் ஆவி நெருப்பைத் தேடித் தரையோடு ஊர்ந்து போகும், தம்பிமாரே. நீங்கள் அதைத் தேடிப் போய் உதவ வேண்டாம்.

பிறகு பெக்கிங் ரூமுக்குப் போனேன். தைத்து முடித்த மூட்டைகள் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் பாதி நிரம்பி வாய் திறந்திருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதற்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்தேன். அதே நாற்றம்.

ஒரு மூட்டையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று கேட்டருகே உள்ள எங்கள் காவல் கொட்டிலுக்கு ஓடினேன். அங்கே சுடுதண்ணீர்ப் போத்தல் இருந்தது. அள்ளிய தேயிலையைக் கோப்பையில் போட்டு ஊற்றி மோந்தேன். நாற்றம். ஒப்பிட்டுப் பார்க்க, கொட்டிலில் நாங்கள் குடிப்பதற்கு வைத்திருந்த டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இன்னொரு கோப்பை ஊற்றினேன். அதிலும் நாற்றம்!

புத்தியுள்ள உங்களில் சிலருக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது வேறு: ஆவி கேட்டு வரைக்கும் வந்துவிட்டது.

"கேட்டு வரைக்கும் வந்துருச்சு தங்கச்சி! தோட்டமே போச்சு!" என்றேன், பின்னால் வந்த செல்வராணியிடம்.

அவள் கொட்டிலின் வாசலில் சுருண்டு படுத்திருந்த நாயைக் காட்டினாள். "அப்பிடினா இது மயங்கி விழுந்திருக்கணுமே அண்ணே. சும்மா தூங்குது."

நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, தும்மியது, எழுந்து மழைக்குள் போய்விட்டது.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு லொறியை விட்டுவிடுவது முதலாவது. கொழும்பில் எத்தனையோ தோட்டத்துத் தேயிலை. ஒரு நாற்றம் எந்தத் தோட்டத்தது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? இதை நான் யோசிக்கவே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். யோசித்தேன். லொறியின் எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்கும்வரை யோசித்தேன். பிறகு ஓடிப்போய் கேட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

லொறிக்காரர் சிங்களவர், நல்ல மனிதர். தலையை வெளியே நீட்டி என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். அன்றைக்கு வந்தது ஒரு சொல்தான். "தே… தே…" என்று தேயிலையைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தேநீர் குடிக்க இறங்கி வந்தார்.

குடையைப் பிடித்துக்கொண்டு டீமேக்கர் வந்தார்.

"யோவ் செக்குரிட்டி, லொறிய ஏன்யா மறிக்கிற? கொள்ளையடிக்கப் போறியா?"

"ஐயா… ரைபிளக் கழுவினேங்க…"

"கழுவினா காயப் போடு. லொறிக்கு என்னா?"

சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கும்போதே அவர் முகம் மாறியது. துப்பாக்கி அறைக்குப் போய் கதவைத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டினார். வெளியே எடுத்தபோது அந்த மூக்கு சிவந்திருந்தது.

"இதுக்குள்ள ஒக்காந்து நீ எப்பிடியா உயிரோட இருக்க?"

"பழகிருச்சுங்க."

"தேயிலைக்குப் பழகாதுய்யா!"

ஒவ்வொரு தொகுதியையும் மூட்டை கட்டும்போது அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சிறு டின்களில் மூடி வைத்திருப்பார்கள். அவற்றை ஊற்றிப் பார்ப்போம் என்றார். நான் விட்டேனா? குற்றவாளி அல்லவா, ஓடி ஓடி உதவினேன். டின்னைத் திறந்தது நான், தேயிலையை உள்ளங்கையில் கொட்டிக் கோப்பையில் போட்டது நான், கோப்பையை அவர் முன்னால் நகர்த்தியது நான். அவர் கரண்டியால் அள்ளி, சுர்ரென்று சத்தமாக உறிஞ்சி, துப்பினார். முகம் கோணியது. அடுத்ததை உறிஞ்சினார். இன்னும் கோணியது. கடைசிக் கோப்பையை உறிஞ்சவே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுத்தார். தோட்டத்து மேலாளர் துரைக்குச் சொல்லப்போகிறார். அத்தோடு என் வேலை முடிந்தது. கிழமை முழுக்க நனைந்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். செல்வராணி மேசை ஓரத்தில் நின்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீமேக்கர் தொலைபேசியில் எண்ணை அழுத்தவில்லை.

"அந்த அலுமாரியத் தொற. மேல் தட்டுல பழைய டின் இருக்கும். போன மாசத்துது. அதையும் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். உறிஞ்சினார். அதே கோணல்.

இந்த இடத்தில் நானாக இருந்தால், ஆவி போன மாதத்துக்கும் போய்விட்டது என்று அழுதிருப்பேன். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வெளிய போ."

"வேலைய விட்டுங்களா ஐயா?"

"ரூம விட்டுய்யா!"

வெளியே மழையில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கையைக் கழுவினார். புதுக் கோப்பைகளை எடுத்தார். தானே டின்னைத் திறந்து, தானே அளந்து, தானே ஊற்றினார். உறிஞ்சினார். அடுத்தது. அடுத்தது. முகம் கோணவில்லை. செல்வராணி என் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

ஜன்னலைத் திறந்து டீமேக்கர் சொன்னார்: "கையக் காட்டு."

நீட்டினேன். குனிந்து மோந்தவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என் வாயில இவ்வளவு நேரம் ஊத்தினது ஒன் கையத்தான்யா, தேயிலய இல்ல."

செல்வராணி சொன்னாள்: "நாய் அப்பவே சொல்லிச்சு ஐயா. அண்ணனுக்குத்தான் கேக்கல."

பக்கத்து அறையில் நாற்றம் இருந்ததென்னவோ உண்மை. ஆனால் மூட்டைகளின் உட்பக்கம் ஈயத்தாள் போட்டது, வாய் தைத்தாயிற்று. பெக்கிங் ரூமின் காற்றாடி வேறு காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தப்பியது அதனால்தான், என் சாமர்த்தியத்தால் அல்ல. அடுத்த நாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டில் துரை எல்லோரையும் வைத்துக்கொண்டு துப்பாக்கி அறையைப் பழைய அலுவலகத்துக்கு மாற்றச் சொன்னார். கழுவுவதை வெளி விறாந்தையில், காற்றோட்டத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

என் உள்ளங்கையும் விரல்களும் கிழமைக்கணக்கில் வெடித்துத் தோல் உரிந்தன. சோறு பிசையக் கரண்டி கேட்டபோது மனைவி, "இப்பதான் துரை மாதிரி சாப்பிடுறீங்க" என்றாள். ஆகவே அந்த லாச்சியில் இருக்கும் நைட்ரைல் கையுறை டொக்டர்மாருக்கு மட்டும் உரியதல்ல, உங்களுக்கும்தான். சமையலறையிலிருந்து எடுத்துவரும் மெல்லிய பிளாஸ்டிக் உறை வேண்டாம், சில கரைப்பான்கள் அதை உருக்கிவிடும். கண்ணாடி போடுங்கள். மூடியளவு ஊற்றி வேலை செய்யுங்கள், வாளியளவு அல்ல. ஒன்று போதவில்லை என்று இன்னொன்றைக் கலக்காதீர்கள்; அதிலும் அமோனியா இருக்கும் இடத்தில் வெள்ளைத்துணிக்குப் போடும் குளோரினைக் கொண்டுவரவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் வருவது நச்சுப் புகை. மிச்சத்தைக் காணில், அதாவது வடிகாலில், ஊற்றாதீர்கள். நம் காண்களில் ஓடுவதெல்லாம் கடைசியில் கொத்மலை நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேரும், அதைக் குடிக்கிறவர்கள் நமக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நாற்றம் குறைந்த கரைப்பானைக் கடைக்காரர் நீட்டினால் நன்றி சொல்லி வாங்குங்கள்.

இன்னொன்று. நான் மறித்தது தேவையில்லாத மறிப்பு என்று நினைத்து, அடுத்த முறை சந்தேகம் வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். அன்று மாலை டீமேக்கரிடம், "சும்மா லொறிய மறிச்சிட்டேனே ஐயா" என்று அசடு வழிந்தேன்.

"லொறி போன பெறகு சொல்லியிருந்தா, மறுநா கேட்டுல ஒன்ன நான் மறிச்சிருப்பேன்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

பரிசோதனைக்கு வந்த பொலிஸ் அதிகாரி குழாய்க்குள் டோர்ச் அடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஹொந்தாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லது என்று அர்த்தம்.

தேயிலைக்கு நடந்தது இவ்வளவுதான். தைத்திருந்த மூட்டைகள் எல்லாவற்றையும் டீமேக்கர் சோதித்து லொறியில் அனுப்பினார். கொழும்பிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. ஒரே ஒரு மூட்டையை மட்டும் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிட்டார். நாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க நான் கையை விட்ட மூட்டை அது.